ஜன்னலோரத்தில் வைத்த மஹர்

பெல்மதுளை டவுனில் ஒரு பேன்சி கடையில் ஷஸ்னா அக்கா வேலை செய்கிறார். வளையல், ஹேர் கிளிப், பரிசுத் தாள், பிறந்தநாள் பலூன் எல்லாம் விற்கும் கடை. சனி ஞாயிறுகளில் அவரை அங்கே பார்க்க முடியாது. யாருடைய கலியாண வீட்டிலாவது இருப்பார். அங்கே அவர் செய்யும் வேலைக்கு எங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு பெயர் வரவில்லை. மேக்கப் போடுபவர் இல்லை, படம் எடுப்பவரும் இல்லை. படத்தில் வரப்போகும் பொருட்களைத் தயார் செய்பவர்.

இப்போது எந்தக் கலியாண ஆல்பத்தைத் திறந்தாலும் முதல் பக்கங்களில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். மோதிரம் இருக்கும், அழைப்பிதழ் இருக்கும், வாசனைப் போத்தல், செருப்பு, மாலை, மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் இருக்கும். அவற்றை யார் அப்படி அடுக்கி வைக்கிறார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் இந்த நாட்களில், எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஷஸ்னா அக்காவின் மடியில் ஒரு பிஸ்கட் டின்னைப் பார்த்தேன். அதற்குள் என்ன என்று கேட்டேன். அவர் மூடியைத் திறந்து காட்டினார்.

பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று, மோதிரத்தின் இடுக்கில் இருக்கும் அழுக்கை எடுக்க. பேபி சோப் துண்டு. வெல்வெட் துணியில் ஒட்டும் பஞ்சை எடுக்க ஒரு சுருள் செலோடேப். அதை ஒட்டுகிற பக்கம் வெளியே வரும்படி கையில் சுற்றிக்கொண்டு துணியைத் தட்டுவாராம். செருப்பின் அடியில் இருக்கும் விலை ஸ்டிக்கரைக் கழற்ற நெயில் பாலிஷ் ரிமூவர். மோதிரத்தை நிமிர்த்தி நிறுத்த, ஈரத்துணியில் சுற்றிய கோதுமை மா உருண்டை. கடைசியாக ஓர் அழகான வாசனைப் போத்தல். நான் எடுத்து முகர்ந்தேன். தேயிலை மணம் வந்தது.

வெறும் போத்தல் படத்தில் நன்றாக வராது என்பதால் ஷஸ்னா அக்கா அதில் பிளேன் டீ ஊற்றி வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்துப் பல ஆல்பங்களில் வெளிநாட்டு சென்ட் போல மின்னுவது அந்த டீதான்.

அவருடைய வாப்பா ஒரு தேயிலைத் தோட்டத்து வாசலில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அதனால் அக்காவுக்கு எங்கள் தோட்டப் பேச்சும் வரும், கடைத்தெருச் சிங்களமும் வரும், வீட்டில் பேசும் முஸ்லிம் தமிழும் வரும். பள்ளிக்கூடம் முடிந்ததும் மணப்பெண் அலங்காரம் படிக்கப் போனார். அங்கே பெண்ணின் முகத்தைவிட, அவளைச் சுற்றிக் கிடந்த சாமான்கள்தான் இவர் கண்ணில் பட்டன. போட்டோகிராபர்கள் மோதிரத்தை ஜன்னல் கம்பியிலும் அழைப்பிதழைத் தலையணையிலும் வைத்துப் படம் எடுப்பதைப் பார்த்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் தானே எடுத்து அடுக்கினார். அந்தப் போட்டோகிராபர், இரத்தினபுரிக்காரர், சிங்களவர், அடுத்த வாரமும் போன் எடுத்து இவரைக் கூப்பிட்டார்.

தொடக்கத்தில் ஷஸ்னா அக்காவிடம் ஒரு சோடி வெள்ளி நிற ஹீல்ஸும் இருந்தது. செருப்பு இல்லாத பெண்களுக்காக வாங்கியது. அது யாருடைய காலுக்கும் அளவில்லை, ஆனாலும் வீடு வீடாகப் போய்ப் படத்தில் நின்றது. கொடகவெல பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு கலியாணத்துக்கும் அதைக் கொண்டு போனார். அந்தப் பெண் வெறுங்காலுடன் மணவறையில் நிற்கப் போகிறவள். ஹீல்ஸை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

"நாளைக்கு எம்புள்ள ஆல்பத்தப் பாத்துட்டு, இது யாரு செருப்புன்னு கேட்டா நான் என்னாங்க சொல்றது?"

ஷஸ்னா அக்கா செருப்பை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டார். பிறகு, உங்களுடைய சாமான் என்ன இருக்கிறது என்று அவளிடமே கேட்டார். அவள் யோசித்து, கார்மண்ட் தொழிற்சாலைக்குத் தினமும் கொண்டு போகும் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டு வந்தாள். மூடியில் அவள் பெயரை ஆணியால் கீறி எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் மாலையை வைத்து எடுத்த படத்தை அக்கா இன்னும் போனில் வைத்திருக்கிறார். அன்றிலிருந்து கலியாண வீட்டுக்குப் போனால் முதலில் கேள்விதான் கேட்பார். இந்த வீட்டில் உங்களுக்கு மட்டும் சொந்தமான சாமான் எது? பல பெண்கள் பதில் தெரியாமல் நிற்பார்கள். அவரும் விடாமல் நிற்பார்.

றிப்தாவிடமும் அதைத்தான் கேட்டார். றிப்தா எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு மேல் வகுப்பில் படித்தவள். வாப்பா றஊப் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். அவள் யோசிக்கவே இல்லை.

"கல்லு" என்றாள்.

அந்தக் கல்லைப் பற்றி எங்களுக்கெல்லாம் தெரியும். பார்த்ததுதான் இல்லை. அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை ஸாஜித், கொடகவெல பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறார். சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு மாணிக்கக் குழியிலும் சிறு பங்கு வைத்திருந்தார். நீண்ட நாள் தண்ணீரும் சேறும் மட்டும் தந்த அந்தக் குழியில் கடைசியாக அவர் பங்குக்கு ஒரு கல் வந்தது. அதை விற்கவில்லை. றிப்தாவுக்கு மஹராகக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. கொடுத்த பிறகு அது அவளுக்கு மட்டுமே சொந்தம், அவளுடைய வாப்பாவுக்குக்கூடப் பங்கில்லை. றஊபுக்கு இது பிடிக்கவில்லை. பட்டை தீட்டாத கல்லை ஒரு பிள்ளைக்கு மஹராகக் கொடுப்பது, நெல்லைக் கொடுத்துச் சோறு என்று சொல்வது போல என்று கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

றிப்தா போனில் எத்தனையோ தரம் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஸாஜித் அனுப்பவில்லை. படத்தில் பார்த்துவிட்டால் கையில் வாங்கும்போது ஒன்றும் இருக்காது என்றாராம். கலியாணத்துக்கு முந்திய வாரம் நாங்கள் அவளைப் பார்க்கப் போனபோது அவள் பேசியது சேலையைப் பற்றி இல்லை, நகையைப் பற்றியும் இல்லை. அது என்ன நிறமாக இருக்கும், வெயிலில் எப்படி இருக்கும், உள்ளே கீறல் இருக்குமா என்பதுதான். மாப்பிள்ளையைப் பற்றியும் கொஞ்சம் யோசி என்று நான் சொன்னேன். அவரைத்தான் பார்த்தாயிற்றே என்றாள்.

கலியாணத்தன்று காலையிலேயே ஸாஜித்தின் தங்கச்சி, மாப்பிள்ளையின் மோதிரம், கைக்கடிகாரம், அத்தர்ப் போத்தலோடு கல்லையும் கொண்டு வந்து ஷஸ்னா அக்காவின் கையில் கொடுத்தாள். இரண்டு பக்கத்துச் சாமான்களையும் ஒரே மேசையில் வைத்துப் படம் எடுப்பது இப்போது வழக்கம். படம் எடுத்து முடிந்ததும் கல் திரும்ப மாப்பிள்ளை பக்கத்துக்குப் போக வேண்டும். நிகாஹ் முடிந்து அவர் கையாலேயே றிப்தாவிடம் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. றிப்தா மேக்கப் அறையில் கதவை மூடிக்கொண்டு இருந்தாள். நானும் உள்ளே இருந்தேன். கல் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் பாதி கண் மையோடு எழுந்துவிட்டாள். மேக்கப்காரர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஷஸ்னா அக்கா முன் ஹாலில் மேசையைப் போட்டிருந்தார். அழைப்பிதழ், இரண்டு மோதிரம், றிப்தாவின் பழைய தஸ்பீஹ் மணிமாலை எல்லாம் வந்துவிட்டன. கல்லுக்கு மட்டும் வெளிச்சம் போதவில்லை. கோதுமை மா உருண்டை அதற்குத் தேவைப்படவில்லை, வெல்வெட் துணியில் வைத்தால் இருண்டுபோனது. அதனால் மேசையை ஜன்னலோரம் இழுத்து, கல் வந்த வெள்ளைக் கடதாசியையே விரித்து, அதன் நடுவில் கல்லை வைத்தார். சட்டென்று அதற்கு உயிர் வந்தது போல இருந்ததாம். போட்டோகிராபர் வாசலில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். படத்துக்கு வைத்திருந்த மணப்பெண்ணின் முக்காட்டுத் துணியில் ஒரு மடிப்பு தெரிந்ததால், அதை அயர்ன் பண்ணிக்கொண்டு வர அக்கா உள்ளே போனார்.

இங்கே எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரத்தினபுரிப் பக்கத்தில் ஹார்ட்வெயார் வைத்திருப்பவரும் கல் பார்ப்பார், பஸ் ஓட்டுபவரும் கல் பார்ப்பார். காலை வெளிச்சம் விழும் இடத்தில், வெள்ளைக் கடதாசியை விரித்து, அதில் ஒரு கல்லை வைத்தால், அதற்கு ஒரே அர்த்தம்தான். எடுத்துப் பாருங்கள், விலை சொல்லுங்கள். யாரிடமும் கேட்கத் தேவையில்லை. இதே ஊரில் பிறந்த ஷஸ்னா அக்காவுக்கு அது தெரியாததா? அந்த நேரம் அவர் அதைக் கல்லாகப் பார்க்கவில்லை, படமாகப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது மோதிரங்கள் இருந்தன. கல் இல்லை.

முதலில் மேசைக்குக் கீழே தேடினார். பிறகு துணியை உதறினார். ஜன்னல் திறந்திருந்தது, வெளியே பந்தலுக்காக முற்றம் முழுக்கப் புதிதாக ஆற்றுக் கல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். ஆற்றுக் கல்லுக்குள் பட்டை தீட்டாத கல் விழுந்தால் யார் கண்டுபிடிப்பது? போட்டோகிராபர் வந்து, "கல கோ, நங்கி?" என்று கல் எங்கே என்று கேட்டார். ஸாஜித்தின் தங்கச்சி அழத் தொடங்கியிருந்தாள்.

மேசையை மறுபடி பார்த்த பிறகுதான் ஷஸ்னா அக்காவுக்கு இன்னொன்று உறைத்தது. கடதாசியும் இல்லை. விழுந்த கல் கடதாசியைக் கூட்டிக்கொண்டு போகாது. யாரோ மடித்திருக்கிறார்கள். திருட வந்தவன் மோதிரத்தை அல்லவா எடுப்பான்? முக்காட்டைத் தோளில் போட்டபடியே பந்தலுக்குப் போனார்.

அங்கே ஆண்கள் வட்டமாகக் கதிரை போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். றிப்தாவின் தாய்மாமா இப்றாஹிம், கல் தரகு செய்பவர், நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"மாமா, உள்ள மேசையில இருந்து யாராவது கல்லு எடுத்தீங்களா?"

"ஓ, நான்தான் எடுத்தேன். நல்ல கல்லு மகள். ஹாஜியாருக்குக் காட்டினேன், அவர் வெலையும் போட்டுட்டார். யார்ட கல்லு? றஊப் மச்சான்ட தானே?"

"மஹர், மாமா."

இப்றாஹிம் மாமா சட்டைப் பையிலிருந்து மெதுவாக எடுத்தார். வெள்ளைக் கடதாசி சின்னதாக மடிக்கப்பட்டு, சுற்றிலும் செலோடேப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டிருந்தது. கல் சீல் ஆகிவிட்டது.

வாங்குகிறவர் விலை சொன்னால் கல்லை இப்படி ஒட்டித் தன் கையெழுத்தைப் போடுவார். அந்தப் பொட்டலம் கல்லின் சொந்தக்காரரிடம் போகும். சம்மதம் என்றால் ஒட்டியபடியே திரும்பி வரும். வேண்டாம் என்றால் சொந்தக்காரர்தான் பிரிப்பார். அதுவரை வேறு யாரும் திறக்கவும் கூடாது, இன்னொருவருக்குக் காட்டவும் கூடாது. இதை மீறியவரிடம் பிறகு எவரும் கல் கொடுக்க மாட்டார்கள்.

விலை சொன்னவர் ஹஸீப் ஹாஜியார். இரத்தினபுரியில் பெரிய வியாபாரி. அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன் என்றார். ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான், சொந்தக்காரர் வேண்டாம் என்றால் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றார். பிறகு றஊபைப் பக்கத்தில் கூப்பிட்டு விலையைக் காதில் சொன்னார்.

றஊபின் முகத்தை நான் மேக்கப் அறை ஜன்னலால் பார்த்தேன். நெல்லு, சோறு என்ற பேச்செல்லாம் அந்த முகத்தில் காணாமல் போயிருந்தது. விலை என்ன என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் பேசத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போடலாம் என்றார். மஹரைக் காசாகக் கொடுத்தாலும் மஹர்தான், மார்க்கத்தில் தடையில்லை என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நிகாஹ் நடத்தி வைக்க வந்திருந்த லெப்பைகூடத் தலையாட்டினார். சம்மதம் என்று நிகாஹுக்கு முன்னமே சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று இப்றாஹிம் மாமா இழுத்தார்.

ஷஸ்னா அக்கா ஸாஜித்துக்குப் போன் எடுத்தார். அவர் மாப்பிள்ளை வேனில் வந்துகொண்டிருந்தார். தன்னுடைய பிழை என்று தொடங்கி நடந்த எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் பிடித்தார். வேன் சத்தத்துக்கு மேலாக ஸாஜித்தின் குரல் வந்தது.

"நான் குடுத்துட்டேன் மாமா. இனி என்ட இல்ல. நிகாஹ் முடியட்டும், றிப்தாட்ட கேளுங்க. அவ வித்தாலும் எனக்குச் சரி."

மேக்கப் அறைக்குள் இருந்த றிப்தா அவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஷஸ்னா அக்கா உள்ளே வந்ததும் நாங்கள் அவளிடமிருந்து அழுகையை எதிர்பார்த்தோம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ராத்தா, நீங்க பாத்தீங்கதானே. எப்படி ஈக்குது?"

அக்கா சொல்லிப் பார்த்தார். உப்புக் கல்லுப் போல என்றார். இல்லை, பால் கலந்த தண்ணீர் உறைந்தது போல என்றார். வெளிச்சத்தில் வைத்தபோது வேறு மாதிரி ஆனது, அதை எப்படிச் சொல்வது என்று கையை விரித்தார். கேட்கக் கேட்க றிப்தாவின் முகத்தில் ஆசை கூடியதே தவிரக் குறையவில்லை. உம்மா வந்து, வாப்பா சொல்வதையும் யோசி மகள் என்று தலையைத் தடவினார். வீடு நல்லதுதான் உம்மா என்றாள். அவள் என்ன செய்வாள் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நிகாஹ் நடந்தது. மஹர் ஒரு கல் என்று சொல்லப்பட்டது. பிறகு ஸாஜித் உள்ளே வந்து, ஒட்டியபடி இருந்த அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் றிப்தாவிடம் கொடுத்தார். போட்டோகிராபர் அதைப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் தெரிவது செலோடேப்பும் ஹஸீப் ஹாஜியாரின் கையெழுத்தும்தான்.

ஹால் நிறைய ஆட்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஹாஜியார் வாசற்படியோடு நின்றார். றஊப் மகளின் பக்கத்தில் வந்து, மெதுவாக, அவசரப்படாதே என்றார். றிப்தா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். கடதாசிக்குள் அதன் மூலை தெரிந்தது.

"ஹாஜியார், தொறந்து பாத்துட்டு ஒட்டித் தர ஏலாதா?" என்று கேட்டாள்.

சிலர் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை.

"ஏலாது மகள். தொறந்தா வேணாம்டு சொன்ன மாதிரி. ஒங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும்" என்றாள். "பாக்காம எப்படி விக்கிற? எனக்கு அதப் பாக்கணும்."

மருதாணி போட்ட நகத்தால் செலோடேப்பின் நுனியைக் கிளப்பினாள். நன்றாக ஒட்டியிருந்ததால் உடனே வரவில்லை. ஷஸ்னா அக்கா பிஸ்கட் டின்னைத் திறந்து கத்தரிக்கோலை நீட்டினார். றிப்தா வாங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். லிப்ஸ்டிக் கடதாசியில் ஒட்டியது. மேக்கப்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

கல் அவளுடைய உள்ளங்கையில் விழுந்தது. தூரத்தில் நின்ற எனக்கு அது சாதாரண உப்புக் கல் போலத்தான் தெரிந்தது. அவள் யாரையும் பார்க்காமல் ஜன்னலுக்குப் போனாள். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். சாப்பாடு ஆறிப்போகும் என்று யாரோ சொன்னார்கள். அவள் அசையவில்லை. ஸாஜித் பக்கத்தில் போய் நின்று, என்ன என்று கேட்டார்.

"உள்ளுக்கு மழ பெய்யுது" என்றாள். "மெல்லிசா, சாய்ஞ்சு. நீங்க பாத்தீங்களா இத?"

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை. கல் வந்த நாளிலிருந்து கடதாசிக்குள்ளேயே வைத்திருந்தாராம். இருவரும் ஒரே கல்லை மாறி மாறிக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நேரம் போட்டோகிராபர் விடாமல் எடுத்தார். ஷஸ்னா அக்கா எதையும் அடுக்கவில்லை, எதையும் நிமிர்த்தவில்லை. கத்தரிக்கோலோடு அப்படியே நின்று அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹஸீப் ஹாஜியார், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். றஊப் மட்டும் போகவில்லை. அத்திவாரத்தையும் சுவரையும் மனதுக்குள் இறக்கி வைக்க அவருக்கு நேரம் பிடித்தது. கடைசியில் மகளின் பின்னால் வந்து நின்று, கையை நீட்டினார்.

"குடு பாப்பம். அப்படி என்னதான் மழ."

றிப்தா கல்லை அவர் கையில் வைத்தாள்.

"கையிலேயே வெச்சுப் பாருங்க வாப்பா. மேசையில மட்டும் வெச்சிடாதீங்க."